நம் ஊரின் வரலாறும் நம் ஜமாஅத்தின் ஏடுகளும்

 

ஊர் வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களையும் போர்க்களங்களையும் தேடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டியை அவ்வாறு தேடினால் கிடைப்பது சொற்பமே. பெரிய கோட்டை இங்கே இல்லை. மன்னர் எவரும் இதைத் தலைநகராக்கவும் இல்லை. ஆனால் மலையும் ஆறும் பாதையும் இங்கே உண்டு. அவற்றோடு, பழைய அரசாங்க அலுவலகங்களின் அலமாரிகளில் உறங்கும் நிலப் பதிவேடுகளும் உண்டு. சிற்றூர்களின் மெய்யான வரலாறு இவற்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது இவ்வெளியவனின் கருத்து.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்கிலும் தென்மேற்கிலும் சேர்வராயன் மலை. கிழக்கே சித்தேரி மலைத்தொடர். இவ்விரண்டுக்கும் நடுவே தெற்கு நோக்கி மஞ்சவாடிக் கணவாய் திறந்து சேலத்திற்கு வழிவிடுகிறது. வடகிழக்கே சமவெளி அரூர் வரை விரிகிறது. ஏற்காட்டு மலைச்சரிவில் பிறக்கும் வாணியாறு இந்தச் சமவெளியை நனைத்து, அரூர்ப் பகுதி வழியாகச் சென்று தென்பெண்ணையில் கலக்கிறது. முள்ளிக்காட்டில் 1985இல் கட்டி முடிக்கப்பட்ட வாணியாறு அணை 65 அடி உயரத்திற்குச் சற்றுக் கூடுதலானது. அணைக்கு முன்பு இங்குள்ள வேளாண்மை ஏரிகளையும் கிணறுகளையும் மழையையுமே நம்பியிருந்தது. கணவாயின் வாயிலில் அமைந்தமையால்தான் நம் ஊர் வழிப்போக்கரும் வணிகரும் தங்கிச் செல்லும் இடமாயிற்று என்று கருத இடமுண்டு.

வெளியூர் அன்பர்கள் பலர் நம் ஊரைப் பாப்பாரப்பட்டியோடு குழப்பிக்கொள்வர். அது பென்னாகரம் பக்கம் உள்ளது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்த ஊர். வேடிக்கை என்னவெனில், அவர் பெயரைத் தாங்கிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நம் பக்கத்துக் கோபாலபுரத்தில் இருக்கிறது! குழப்பம் தீர வழியேது?

இப்பகுதி சங்க காலத்தில் அதியமான்களின் தகடூர் நாட்டைச் சேர்ந்தது. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் தருமபுரி மாவட்டம் எங்கும் காணக் கிடைக்கின்றன. நம் ஊர்ப் பெயரில் நிற்கும் ‘ரெட்டி’ என்ற சொல், தெலுங்கு நாட்டுக் குடிகள் இங்கே வந்து நிலம் திருத்திய பிற்காலத்தைச் சுட்டுகிறது. பிறகு வந்தது பாரமகால். ‘மகால்’ என்பதை அரண்மனை என்று பலர் எண்ணுகின்றனர். அது ‘மஹல்’ (இடம்) என்ற அரபுச் சொல்லின் பன்மை. வருவாய்த் துறையில் ஒரு நிர்வாகப் பிரிவைக் குறிக்கும். ‘பாரா’ என்றால் பன்னிரண்டு.

இந்தப் பாரமகாலைப் பீஜப்பூர்ச் சுல்தான்களின் படைகளும், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடப்பை நவாபுகளும், அதன் பின்னர் ஹைதர் அலியும் அடுத்தடுத்துக் கைக்கொண்டனர். முதல் மைசூர்ப் போரின்போது, 1768 பிப்ரவரியில், நமக்கு அருகிலுள்ள தென்கரைக்கோட்டை ஆங்கிலக் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டின் இறுதிக்குள் ஹைதர் இப்பகுதியை மீட்டுக்கொண்டார். இறுதியாக 1792இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் சேலத்தையும் பாரமகாலையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

நம் மாவட்டத்து முஸ்லிம்களில் தக்கனி உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் கணிசமானோர். ‘எங்கள் பாட்டனார் திப்புவின் படையில் சிப்பாய்’ என்று குடும்பங்கள் தோறும் ஒரு பேச்சு வழங்குவதைக் கேட்கிறோம். அதில் உண்மை இருக்கலாம். எனினும் எல்லோரையும் ஒரே படையில் சேர்த்துவிடுவது சரியன்று. ஹைதருக்கு நூறாண்டுக்கு முன்பே தக்காணத்துப் படைகள் இங்கே வந்து போயின. தோலும் புளியும் மாடும் வாங்க வந்து தங்கிவிட்டவர்களும் உண்டு. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் உண்டு. ஹலாலான வியாபாரம் செய்த பாட்டனார் சிப்பாய்ப் பாட்டனாருக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர்.

1792க்குப் பின் நடந்ததே நம் தலைப்புக்கு மிக முக்கியமானது. கம்பெனியார் காப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவரை இப்பகுதிக்குக் கலெக்டராக அனுப்பினர். அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னை மாகாணக் கவர்னரானவர். இவர்கள் ஊர் ஊராகச் சென்று ஒவ்வொரு வயலையும் அளந்தனர். யார் உழுகிறார், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று எழுதினர். குடியானவனிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. அவர்களுடைய கடிதங்களும் அறிக்கைகளும் ‘பாரமகால் ஆவணங்கள்’ என்று பின்னாளில் சென்னை அரசால் அச்சிடப்பட்டன.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கிராம நிர்வாக அலுவலகத்தில் நாம் அன்றாடம் கேட்கும் சொற்களில் பல, மதரஸாவில் ஓதிய மாணவனுக்குப் பழக்கமானவை. தாலுகா, ஜில்லா, இனாம், வசூல், பாக்கி, ரயத்து இவையெல்லாம் அரபு வேரிலிருந்து பாரசீகத்தின் வழியே வந்தவை. ‘மிராசு’ என்பது நாம் வாரிசுரிமைப் பாடத்தில் படிக்கும் ‘மீராஸ்’ அன்றி வேறில்லை. மொழி தெரிந்திருந்தும் அந்த ஏடுகளை நாம் புரட்டிப் பார்க்கவில்லை என்பதே வருந்தத்தக்கது.

முந்தைய அரசர்களும் நவாபுகளும் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் ஊழியர்களுக்கும் விட்ட மானிய நிலங்களை விசாரிக்க, 1858இல் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. மானியம் யாருக்கு, எந்தப் பணிக்கு, எந்த ஆதாரத்தால் என்று கேட்டுப் பதிந்து, உறுதி செய்யப்பட்டவற்றுக்கு உரிமைப் பத்திரம் வழங்கினர். சென்னை மாகாணத்தின் பழைய பள்ளிவாசல் மானியங்கள் பலவற்றுக்கு இந்த இனாம் பதிவேடே தலையாய சான்று.

அதன்பின் வந்தது 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம். சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களுள் ஒன்று. 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் இடையே அதன் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பசியாலும் காலராவாலும் மாண்டவர்கள் போக, ஊரைவிட்டுப் போனவர்களும் பலர். பெரிய சமூகம் இத்தகைய இழப்பைத் தாங்கி மீண்டும் எழும். முப்பது நாற்பது வீடுகள் கொண்ட ஒரு மஹல்லாவில் ஐந்து முதியவர் மறைந்தால், யார் கட்டினார், யார் கொடுத்தார் என்ற செய்தியும் அவர்களோடு மண்ணுக்குள் போய்விடும். பஞ்சத்திற்கு முந்தைய செய்திகளை வாய்மொழியாகக் கேட்கும்போது எச்சரிக்கையோடு ஏற்கவேண்டும் என்று அடியேன் சொல்வது இதனால்தான்.

இருப்புப்பாதை நம் ஊருக்கு வரவில்லை. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போடப்பட்ட பாதை, மொரப்பூர், பொம்மிடி வழியே மலைக்கு அப்பால் ஒதுங்கிச் சென்றது.

இனி ஆவணங்களைத் தேடுவோர் அறியவேண்டியது. நம் பகுதி அக்காலத்தில் சேலம் ஜில்லா, ஊத்தங்கரை தாலுகா. பின்னர் அரூர். 1965 அக்டோபர் 2 முதல் தருமபுரி மாவட்டம். பாப்பிரெட்டிப்பட்டி தனி வட்டமானது அதற்கும் பிறகு. ஊத்தங்கரையோ 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்குச் சென்றுவிட்டது. ஆகவே ஒரே வயலின் பழைய காகிதம் ஒரு தலைப்பிலும் புதிய காகிதம் வேறொரு தலைப்பிலும் இருக்கும். போதாக்குறைக்கு, 1980களில் நடந்த யு.டி.ஆர். பதிவின்போது தமிழகமெங்கும் பட்டாக்களில் பிழைகள் நேர்ந்தன. பழைய சர்வே எண், புதிய சர்வே எண் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரலாகாது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாதபடி 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்துள்ளது. நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே ஓர் இடம் வக்ஃபாகும் என்ற கொள்கை இனிவரும் காலத்திற்கு நீக்கப்பட்டது. முன்பே பதிவு செய்யப்பட்டவை, வழக்கிலோ அரசு நிலத் தகராறிலோ இல்லாதவரை, வக்ஃபாகவே நீடிக்கும். 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் சில பிரிவுகளை நிறுத்திவைத்தது. இந்த நீக்கத்தை நிறுத்தவில்லை. சட்டத்தின் நன்மை தீமை பற்றி நமக்கு மனக்குறை உண்டு. அது வேறு கட்டுரை. ஆனால் பதிவு செய்யும் கடமை புதிதன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அதற்கும் முன்னர், கைபரில் கிடைத்த நிலத்தை விற்கவோ வாரிசாக்கவோ கூடாது என்ற நிபந்தனையோடு அறம் செய்த உமர் (ரலி) அவர்கள் அதை எழுத்தில் வைத்தார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமும் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதே.

எனவே நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல், கபரஸ்தான் ஆகிய இடங்களின் ‘அ’ பதிவேட்டு நகலும் புலப்பட நகலும் ஜமாஅத் பெட்டியில் இருக்கவேண்டும். இனாம் பதிவேட்டில் நம் கிராமத்துக்குரிய பக்கங்களைச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்க இரண்டு படித்த இளைஞர்களை அனுப்பலாம். பழைய நிக்காஹ் தப்தர்களைக் கரையானுக்கு விடாமல் படியெடுக்கவேண்டும். அடக்கம் செய்யப்படுவோரின் பெயர், தந்தை பெயர், நாள் ஆகியவற்றை எழுத ஒரு தனி ஏடு வேண்டும். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோருக்கும். வீடுகளில் பழைய கிரயப் பத்திரமோ, தீர்வை ரசீதோ, உருதுவில் எழுதிய கடிதமோ வைத்திருக்கும் பெருமக்கள், அசலைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நகலை மட்டும் தந்தால் போதும். படிக்க முடியாத உருதுக் கையெழுத்தாயின் ஜும்ஆவுக்குப் பின் கொண்டுவாருங்கள். அமர்ந்து சேர்ந்து படிப்போம்.

வஸ்ஸலாம்.