கிராமத்து சாலடும் ஆறு கம்பியும்

நண்பர் வீட்டுத் தோட்டத்தில் பார்பெக்யூ. "நீங்க கிரேக்க சாலட் கொண்டு வந்துடுங்க" என்று எனக்கு உத்தரவு. லெட்டூஸை நறுக்கி, சீஸை உதிர்த்து, ஏதோ ஒரு வெள்ளை டிரெஸ்ஸிங்கை ஊற்றி எடுத்துக்கிட்டுப் போனேன். வந்திருந்த கிரேக்கர் ஒருத்தர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஏன் எங்க ஊர் பேரு?" என்றார். மானம் போச்சு :-) வீட்டுக்கு வந்து தோண்டினதில் கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

அவங்க ஊரில் இதுக்குப் பேர் ஹோரியாத்திக்கி. 'கிராமத்து' சாலட் என்று அர்த்தம். பேரைக் கேட்டா சாக்ரடீஸே சாப்பிட்டிருப்பார்னு தோணும். ஆனா பாவம், சாக்ரடீஸ் தக்காளியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492-ல் கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகுதான் ஐரோப்பாவுக்கே வந்தன. கிரேக்க மண்ணில் தக்காளி வேர் பிடித்தது 19ஆம் நூற்றாண்டில். நாம இன்னிக்குப் பார்க்கிற சாலட் பிரபலமானதோ 1960-70களில், சுற்றுலாப் பயணிகள் குவிந்தபோது. தக்காளி வெள்ளரி சாலடுக்கு அரசாங்கம் விலைக் கட்டுப்பாடு வெச்சிருந்ததால், ஏதென்ஸ் பிளாக்கா பகுதி உணவகக்காரர்கள் மேலே ஒரு துண்டு ஃபெட்டாவை வெச்சு, "இது வேற ஐட்டம் சார்" என்று விலையை ஏத்தினாங்க என்று ஒரு கதையும் உண்டு.

அப்போ இந்தத் தட்டில் பழசு எதுவுமே இல்லையா? இருக்கு. அது பக்கத்தில் அடுப்பு மேல இருக்கு.

சாந்தோரினித் தீவில் அக்ரோத்திரி என்று ஓர் ஊர். சுமார் 3600 வருஷத்துக்கு முன்னால் எரிமலைச் சாம்பல் மூடிய இந்த ஊரை 1967-ல் தோண்ட ஆரம்பிச்சாங்க. அங்கே கிடைச்ச பொருட்களில் ஒன்று, கறி சுடுவதற்கான சுட்டமண் தாங்கி. கம்பியை வைக்க மேலே பள்ளங்கள், தணலுக்குக் காற்று போக அடியில் ஓட்டைகள். இன்னிக்குக் கடையில் விற்கிற அடுப்புக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அடுத்து ஹோமர். இலியட் காவியத்தின் ஒன்பதாம் பகுதியில், தூது வந்தவர்களுக்கு அக்கிலீஸ் விருந்து வைக்கிறான். அவனே கறி வெட்டுகிறான், நண்பன் பத்ரொக்லஸ் தீ மூட்டுகிறான். கவனிங்க: ஜுவாலை அடங்கும்வரை காத்திருந்து, தணலைப் பரப்பி, அதுக்கு மேலதான் கம்பியை வைக்கிறான். கொழுந்துவிட்டு எரியும்போதே கறியைப் போட்டுக் கருக்குகிற நம்மாட்களுக்கு, அன்னிக்கே பாடம் :-)

இதைவிட சுவாரஸ்யம், அந்தக் கம்பி காசானது. கறி சுடும் கம்பிக்குப் பழைய கிரேக்கத்தில் ஒபெலோஸ் என்று பேர். ஒபொல் என்ற நாணயத்தின் பேர் அதிலிருந்து வந்தது. ஆறு ஒபொல் சேர்ந்தா ஒரு டிராக்மா, அதாவது 'ஒரு கைப்பிடி'. கைக்கு அடங்குவது ஆறு கம்பி! ஆர்கோஸ் பக்கத்து ஹீரா கோயிலில் காணிக்கையாகக் கிடந்த இரும்புக் கம்பிக் கட்டு, ஏதென்ஸ் நாணய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2002-ல் யூரோ நோட்டு வரும்வரை கிரேக்கர்களின் பாக்கெட்டில் இருந்தது அதே டிராக்மா என்ற பேர்தான்.

சாலடுக்குள்ளும் ஒரு பழசு ஒளிஞ்சிருக்கு. ஒடிஸியில் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் ஆட்டுப்பாலைத் திரித்துக் கூடையில் வடிய வைக்கிறானே, அந்த வழியில் வந்ததுதான் ஃபெட்டா. டென்மார்க்கில் பசும்பாலில் செய்து அதே பேரில் விற்றார்கள். 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பேரைக் கிரேக்கத்துக்கே ஒதுக்க, ஜெர்மனியும் டென்மார்க்கும் வழக்குப் போட்டன. 2005-ல் கிரேக்கத்துக்கு சாதகமாகத் தீர்ப்பு. விதிப்படி குறைந்தது 70 சதவீதம் செம்மறிப் பால், மிச்சம் வெள்ளாட்டுப் பால். ஏதோ வறட்டு கௌரவம்னு நினைக்காதீங்க. மலையில் ஆடு மேய்க்கிறவங்க பிழைப்பு அந்தப் பேரில்தான் இருக்கு.

சரி, எப்படிச் செய்யணும்? தக்காளி, வெள்ளரி பெரிய துண்டுகளாக. வெங்காயம், குடைமிளகாய் வளையமாக. கலமாட்டா ஆலிவ். மேலே ஃபெட்டா, உதிர்க்காமல் முழுத் துண்டாக. காய்ந்த ஒரிகானோ, தாராளமாக ஆலிவ் எண்ணெய். லெட்டூஸ் கூடவே கூடாது! கடைசியில் அடியில் தேங்குகிற சாறு இருக்கே, அதை ரொட்டியால் துடைச்சுச் சாப்பிடணும்.

கூட வைக்க, எலுமிச்சை, ஒரிகானோ, உப்பு போட்டுச் சுட்ட சுவ்லாக்கி, ஆட்டு விலாத் துண்டுகள், இல்லாட்டி சுட்ட ஆக்டோபஸ். இனிப்பு பார்பெக்யூ சாஸ் வேண்டாம். ஃபெட்டாவின் உப்பையும் தக்காளியின் புளிப்பையும் அது அமுக்கிடும்.

ஆக ஒரே மேசையில் 3600 வருஷக் கம்பியும் நேத்து வந்த தக்காளியும். இரண்டையும் 'எங்க பாரம்பரியம்' என்கிறார் கிரேக்கர். சொல்லிட்டுப் போகட்டுமே. அதே அமெரிக்கத் தக்காளியையும் மிளகாயையும் போட்டு ரசம் வெச்சு, 'பாட்டி காலத்து ருசி' என்று நாமும்தானே சொல்றோம்!

கொசுறு: அடுத்த பார்பெக்யூவுக்கு லெட்டூஸ் இல்லாமல் போனேன். கிண்ணம் காலி. சாறுகூட மிச்சமில்லை.