விசுவாச உடன்பாடும் திருச்சபை ஒருமையும்: மாபேர்க்கிலிருந்து வட்டுக்கோட்டை வரை

கிறித்தவர்கள் தம் விசுவாசத்தின் அடிப்படைகளில் ஒருமித்த கருத்துடையராய் இருத்தல் இன்றியமையாததா? இவ்வினா இறையியலாளர்க்கு மட்டும் உரியதன்று. வரலாற்று மாணவர்க்கும் உரியது. இதற்கு அளிக்கப்பெற்ற விடைகளே திருச்சபைகளைப் பிரித்துமுள்ளன, இணைத்துமுள்ளன. எதனை 'அடிப்படை' எனக் கொள்வது என்பதிலேயே சிக்கல் தங்கியுள்ளது. 1529இல் ஜேர்மனியின் மாபேர்க் நகரிலும் 1947இல் சென்னையிலும் நடந்த இரு நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவாக்கும். பின்னது யாழ்ப்பாணத்தையும் தழுவியதாகும்.

1529 ஒக்ரோபரில் ஹெஸ்ஸி நாட்டுச் சிற்றரசர் பிலிப், மாட்டின் லூதரையும் சுவிற்சர்லாந்தின் சுவிங்கிளியையும் தம் கோட்டைக்கு அழைத்தார். உரோமப் பேரரசர் ஐந்தாம் சாள்சை எதிர்நோக்கி நின்ற சீர்திருத்தவாதிகளை ஓரணியில் திரட்டுவது அவர் நோக்கம். அங்கு வரையப்பட்ட பிரிவுகள் பதினைந்து. பதினான்கில் முழு உடன்பாடு ஏற்பட்டது. திருவிருந்து பற்றிய பதினைந்தாவதிலும் ஒரு கூறே எஞ்சியது. அப்பத்திலும் இரசத்திலும் கிறித்துவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே உள்ளன என்றார் லூதர். அவை நினைவின் அடையாளங்களே என்றார் சுவிங்கிளி. அவ்வொன்றின் பொருட்டு லூதர் சகோதர ஐக்கியத்தை மறுத்தார். 1531இல் சுவிங்கிளி கப்பெல் போர்க்களத்தில் மாண்டார். இரு மரபுகளும் தனித்தனி வழிச் சென்றன. 1973இல் லொயன்பேர்க் உடன்படிக்கையின் வாயிலாகவே ஐரோப்பாவின் அம்மரபினர் தம்முள் முழு ஐக்கியத்தை அறிவித்தனர். அப்போதும் அவர்தம் கோட்பாடுகள் ஒன்றாகிவிடவில்லை. பழைய கண்டனங்கள் இன்றைய மறுதரப்பினருக்குப் பொருந்தா என்பதே அவர்கள் கண்ட முடிவு. அம்முடிவை எய்த 444 ஆண்டுகள் கழிந்தன.

தென்னிந்தியாவில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய குருமார், மேனாட்டு வரலாற்றில் விளைந்த பிரிவுகளை இந்தியக் கிறித்தவர்கள் சுமக்க வேண்டுமா என வினவினர். அவர்களுள் தலைசிறந்தவர் தோர்ணக்கல் பேராயர் வே. ச. அசரியா. அங்கிலிக்கரும், மெதடிஸ்தரும், கொங்கிறிகேசனல், பிரெஸ்பிற்றேரியன் மரபினர் 1908இல் இணைந்து அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபையினரும் பேச்சுவார்த்தையில் ஈடுபட்டனர். திரித்துவம் பற்றியோ கிறித்துவின் தெய்வத்தன்மை பற்றியோ இவர்களிடையே பூசல் இருக்கவில்லை. பேராயர் பதவி திருச்சபையின் உயிர்நாடியா, அன்றி நிருவாக ஒழுங்கா என்பதே பூசல். கவிஞர் ரி. எஸ். எலியற்கூட இத்திட்டத்தை எதிர்த்து 1943இல் சிறுநூலொன்று வெளியிட்டார்.

1947 செப்ரெம்பர் 27இல் சென்னைப் புனித ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை உதயமாயிற்று. அசரியா அதனைக் காணவில்லை, 1945இலேயே மறைந்துவிட்டார். வேதாகமம், அப்போஸ்தலர், நைசியா விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஆகியவை பொதுவாக ஏற்கப்பட்டன. பிரமாணங்களை விளக்குவதில் நியாயமான சுதந்திரம் அளிக்கப்பட்டது. பேராயர் பதவி ஏற்கப்பட்டது. ஆயின் அதுபற்றிய குறித்த விளக்கமெதனையும் ஏற்குமாறு எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. முன்னைய குருமார் மீண்டும் அபிடேகம் பெறாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.

ஒரே சொல்லுக்கு இருவர் இரு பொருள் கொள்வது ஒருமையாகுமா என விமர்சகர் வினவினர். அது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. மையமே இல்லாத ஐக்கியம் விரைவிற் சிதறும். ஆயின் தென்னிந்தியர் மையத்தைக் கைவிட்டாரல்லர். மையத்தையும் அதற்குரிய விளக்கத்தையும் வேறுபடுத்தினர். மாபேர்க்கில் நிகழாது போனது இதுவே.

உடன்பாடு மட்டும் போதுமா எனின், நம் நாட்டு அனுபவம் எச்சரிக்கை செய்கின்றது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமாரின் பணியால் உருவான சபைகள் 1947இல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயின. வட்டுக்கோட்டையில் அதன் பேராலயம் அமைந்தது. சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். அதே குடாநாட்டின் அங்கிலிக்க, மெதடிஸ்த சபைகளோ புறத்தே நின்றன. இவற்றையும் பப்ரிஸ்து, பிரெஸ்பிற்றேரியன் சபைகளையும் யாழ்ப்பாண ஆதீனத்தோடு இணைக்கும் இலங்கைத் திருச்சபைத் திட்டம் நெடுங்காலம் ஆராயப்பட்டு உருப்பெற்றது. கோட்பாட்டு வாசகங்கள் ஆயத்தமாயிருந்தும் 1972இல் வழக்கொன்றினால் அது தடைப்பட்டது.

எனவே, அடிப்படைகளில் உடன்பாடு தேவையே. ஆயின் அவ்வடிப்படைகள் சிலவாகவே இருத்தல் வேண்டும். விளக்கங்கள் அனைத்தையும் அடிப்படைகளாக உயர்த்துவோர் பதினான்கில் ஒன்றுபட்டும் பிரிவர். வேற்றுமையோடு கூடி வாழத் துணிந்தோர் முழு உடன்பாட்டிற்குக் காத்திராமலே ஒன்றுபடுவர். அத்துணிவு இல்லாதவிடத்து, எழுதி முடித்த உடன்படிக்கையும் ஏட்டளவில் நின்றுவிடும்.