சட்டத்தில் நிறம் இல்லை, சான்றில் இருந்தது



நினைவுச் சொற்பொழிவு மேடையில் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விடுதலை, சாதி ஒழிப்பு என்ற பெரிய சொற்களுக்கு நடுவே மாதப் பணத்துக்கு என்ன இடம் என்று சிலருக்குத் தோன்றலாம். அண்ணல் அம்பேத்கர் பிறந்ததே ஒரு படைவீரரின் வீட்டில்தான். அவருடைய தந்தை சுபேதார் ராம்ஜி சக்பால் இராணுவ ஓய்வூதியம் பெற்றவர். ஊர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய மனிதருக்கு அரசின் ஏட்டில் ஒரு பெயரும் பதவியும் இருந்தன. ஆண்டையின் கையைப் பார்க்காமல் மாதாமாதம் பணம் வந்தது. 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியபோது அதை எதிர்த்து மனு எழுதிய கோபால் பாபா வலங்கரும் ஓய்வு பெற்ற படைவீரரே. ஓய்வூதியம் நமக்கு அரசியல் பிரச்சினையாக இருந்து வந்திருக்கிறது.

அம்பேத்கர் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடிமைமுறையை எதிர்த்து உள்நாட்டுப் போரில் துப்பாக்கி ஏந்திய கறுப்பினப் படைவீரர்கள் சிலர் அப்போதும் அந்த நாட்டில் உயிரோடு இருந்து ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நோயாலும் ஊனத்தாலும் உழைக்க முடியாமல்போன அந்த வீரர்கள் அரசிடம் எப்படி மன்றாட வேண்டியிருந்தது என்பதே இன்றைய என் பொருள்.

1863 தொடங்கி ஒன்றிய அரசின் படையில் சுமார் 1,80,000 கறுப்பர்கள் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர் சம்பளம். கறுப்பு வீரருக்கு 10 டாலர். அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்துக்கொண்டார்கள். மாசசூசெட்ஸின் 54ஆம் படைப்பிரிவு இந்தக் குறைந்த சம்பளத்தை வாங்க மறுத்துப் போராடியது. சம ஊதியச் சட்டம் 1864 ஜூனில்தான் வந்தது.

ஓய்வூதியச் சட்டம் இப்படிப் பாகுபாடு காட்டவில்லை. 1862 சட்டத்தின்படி, பணியின்போது ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ முழுமையாகச் செயலிழந்த சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். கறுப்பருக்கு ஒரு தொகை, வெள்ளையருக்கு ஒரு தொகை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இருந்தும் கறுப்பினத்தவரின் விண்ணப்பங்கள் வெள்ளையருடையவற்றைவிட அதிக விகிதத்தில் நிராகரிக்கப்பட்டன. இதைப் புரிந்துகொள்ள, சட்டம் கேட்ட சான்றுகளைப் பார்க்க வேண்டும்.

முதலில் நோய். போரில் சுமார் 40,000 கறுப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் 30,000 பேர் நோயால் இறந்தவர்கள். கறுப்புப் படைப்பிரிவுகளை அகழி வெட்டவும் மூட்டை சுமக்கவும் சதுப்பு நிலங்களில் காவல் காக்கவும் அதிகமாகப் பயன்படுத்தினார்கள். குண்டு பாய்ந்தால் உடலில் தழும்பு இருக்கும். வாதமும் மலேரியாவும் தீராத வயிற்றுப்போக்கும் தழும்பு விடுவதில்லை. மருத்துவமனைக் குறிப்பேடு இருந்தால்தான் அவற்றை நிரூபிக்க முடியும். மருத்துவ வசதி குறைவாக இருந்த படைப்பிரிவில் குறிப்பேடும் குறைவாகவே இருக்கும். ஆக, கவனிப்பு மறுக்கப்பட்டதே பின்னாளில் நோய் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆயிற்று.

அடுத்தது பெயர். 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குப் பெயர் இல்லை. உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவற்றை மட்டும் எழுதினார்கள். படையில் சேரும்போது பலர் எசமானரின் குடும்பப் பெயரைக் கொடுத்தார்கள். விடுதலைக்குப் பின் தாமே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். சுயமரியாதையோடு எடுத்த அந்த முடிவை ஓய்வூதிய அலுவலகம் சந்தேகத்தோடு பார்த்தது. படைப்பட்டியலில் இருப்பவரும் நீயும் ஒரே ஆள்தானா என்று கேட்டது.

ஹாரியட் டப்மன் அடிமைகள் பலரைத் தப்பிக்கவைத்தவர் என்று படித்திருப்பீர்கள். அவர் ஒன்றிய அரசின் படைக்குச் செவிலியராகவும் ஒற்றராகவும் வேலை செய்தவர். அவருடைய கணவர் நெல்சன் டேவிஸ் படைவீரர், 1888இல் இறந்தார். படையில் அவர் பெயர் நெல்சன் சார்லஸ். இருவரும் ஒருவரே என்று டப்மன் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1895இல் விதவை ஓய்வூதியமாக மாதம் 8 டாலர் கிடைத்தது. செவிலியர் பணியையும் கணக்கில் கொண்டு 1899இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதை 20 டாலர் ஆக்கியது. அப்போது போர் முடிந்து 34 ஆண்டுகள் கடந்திருந்தன.

1890இல் சட்டம் தாராளமானது. 90 நாள் பணி செய்து முறையாக விடுவிக்கப்பட்டு, நிலையான குறைபாட்டால் உடலுழைப்பு செய்ய இயலாதவருக்கு மாதம் 6 முதல் 12 டாலர். நோய் போரில்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கறுப்பு வீரர்களுக்கு இது பெரிய கதவு. ஆனால் அந்தக் கதவிலும் ஒரு காவலாளி நின்றார். தீயொழுக்கத்தால் வந்த நோய்க்கு ஓய்வூதியம் கிடையாது என்றது சட்டம். ஒழுக்கத்தைத் தீர்மானிப்பவர் யார்? பரிசோதிக்கும் மருத்துவரும் விசாரிக்க வரும் அதிகாரியும். நோயோடு வயலில் இறங்கினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்த குத்தகை உழவரிடம், நீதான் வேலை செய்கிறாயே என்று சொல்லிவிடலாம்.

1907இல் 62 வயது நிரம்பினாலே ஓய்வூதியம் என்று ஆனது. அப்போதும் சிக்கல் தீரவில்லை. அடிமையாகப் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று ஏது?

இந்த வரலாற்றில் நாம் கற்க வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. சான்று விதிகள் மாற்றக்கூடியவை. அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டங்கள் அங்கீகரிக்கவில்லை. அதனால் கறுப்பு வீரர்களின் விதவைகளிடம் திருமணச் சான்று இல்லை. 1864இல் அமெரிக்க நாடாளுமன்றம் விதியைத் திருத்தி, கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்ததற்கான சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. அதன்பின் அண்டை வீட்டாரும் உடன் போரிட்ட தோழர்களும் ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னார்கள். விசாரணை அதிகாரிகள் சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் சொன்ன பதில்கள் இன்று வாஷிங்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அடிமைகளாக இருந்தவர்கள் தம் வாழ்வைத் தாமே சொன்ன பெரும் ஆவணத் தொகுதிகளில் அதுவும் ஒன்று.

படைவீரருக்கு ஓய்வூதியம் உண்டென்றால், கூலியின்றி உழைத்த அடிமைக்கு ஏன் இல்லை என்று கேட்டவர் காலி ஹவுஸ். துணி வெளுத்துப் பிழைத்த பெண்மணி. முன்னாள் அடிமைகளுக்கு ஓய்வூதியம் கோரிப் பெரிய அமைப்பைக் கட்டினார். அஞ்சல்வழி மோசடி என்று குற்றம்சாட்டி 1917இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நோயால் பணியிலிருந்து நீக்கப்படும் சிப்பாய்க்கு ஊன ஓய்வூதியம் வேண்டுமானால், நோய் இராணுவப் பணியால் வந்ததாகவோ பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். குறைபாடு 20 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது நெடுங்கால விதி. வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: படையில் சேர்க்கும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லையென்றால், அது பணியால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல. நிரூபிக்கும் சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிய தீர்ப்பு அது.

அந்தச் சுமை இன்று யார் தோளில் அதிகமாக அழுத்துகிறது? கழிவுநீர்க் குழியில் நிரந்தரமாக ஊனமடைந்தால் 20 லட்சம், இறந்தால் 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒப்பந்தக்காரரின் ஏட்டில் பெயரே இல்லாமல் குழிக்குள் இறக்கப்படும் அருந்ததியர் இளைஞர் இதை எப்படிக் கேட்டு வாங்குவார்? பத்தாண்டுகள் நச்சுக்காற்றைச் சுவாசித்து மெல்லக் கெட்ட நுரையீரலுக்கு எந்தத் தேதியைப் போடுவார்?

மாணவ நண்பர்களே, நலத்திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டால் தொகையை மட்டும் படிக்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தத் தாளைக் கேட்கிறார்கள்? அந்தத் தாளை எழுதும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? தாள் இல்லையென்றால் நிரூபிக்க வேண்டியவர் யார்? களப்பணிக்குப் போகும்போது வருகைப்பதிவையும் கூலிச்சீட்டையும் மருத்துவமனைச் சீட்டையும் படமெடுத்து வையுங்கள். உடன் வேலை செய்தவரின் சாட்சியத்தை எழுதி, கையொப்பமோ கைநாட்டோ வாங்கி வையுங்கள். அதை ஆதாரமாக ஏற்க வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் முதலிடத்தில் சேருங்கள்.