சுவருக்குள் அடைபட்ட வாயு

ஃப்ரிட்ஜின் சுவரை அறுத்துப் பார்த்தால் இளமஞ்சள் நிறத்தில் கெட்டியான நுரை தெரியும். பாலியூரித்தேன். கையில் எடுத்தால் கட்டை போல இருக்கும். ஆனால் அதன் கன அளவில் பிளாஸ்டிக் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். மீதி எல்லாம் பொடிப்பொடி அறைகளுக்குள் அடைபட்ட வாயு. வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுப்பதில் பெரும்பங்கு அந்த வாயுவுடையது. அறுபது எழுபது ஆண்டுகளில் அந்த அறைகளுக்குள் பல வாயுக்கள் வந்து போயிருக்கின்றன. அவற்றில் மூத்தது சிஎஃப்சி-11. போன பிறகும் அது முழுதாகப் போய்விடவில்லை.

அதன் குடும்பம் பிறந்தது 1928இல், ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிஜிடேர் பிரிவுக்காக. அன்றைய ஃப்ரிட்ஜுகளில் அமோனியாவும் சல்ஃபர் டையாக்ஸைடும் மீதைல் குளோரைடும் ஓடின. கசிந்தால் உயிரை வாங்கும் சரக்கு. நஞ்சில்லாத, தீப்பிடிக்காத ஒன்று வேண்டும் என்று தாமஸ் மிட்ஜ்லியிடம் கேட்டார்கள். பெட்ரோலில் ஈயம் கலக்கச் சொன்ன அதே மிட்ஜ்லிதான். கார்பனோடு குளோரினையும் ஃப்ளோரினையும் பிணைத்து அவரும் கூட்டாளிகளும் சிஎஃப்சி என்ற ஒரு வரிசையையே உண்டாக்கினார்கள். 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அவற்றில் ஒன்றை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார் மிட்ஜ்லி. நஞ்சும் இல்லை, நெருப்பும் இல்லை. எதனோடும் வினைபுரியாத சாது.

பாலியூரித்தேன் பிறந்தது வேறு ஊரில். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளர், ஐசோசயனேட்டையும் பாலியாலையும் சேர்த்துப் புது பிளாஸ்டிக் செய்யலாம் என்று காட்டினார். அந்தக் கலவையில் தண்ணீர் பட்டால் ஐசோசயனேட் கரியமில வாயுவைக் கக்கும். பிளாஸ்டிக் நுரைத்துக்கொண்டு எழும். மெத்தைக்கு அது போதும். ஃப்ரிட்ஜுக்குப் போதாது. கரியமில வாயு அறைச்சுவர்களின் வழியே மெல்ல நழுவிப் போய்விடும். அந்த இடத்துக்குக் காற்று வந்து சேரும். சூட்டைத் தடுக்கும் திறன் குறைந்துகொண்டே போகும்.

1950களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் இந்த இரண்டு கதைகளும் ஒன்றாயின. சிஎஃப்சி-11 கொதிப்பது சுமார் 24 டிகிரி செல்சியஸில். ஐரோப்பியத் தொழிற்கூடத்தில் அது திரவம். நம் ஊர் சித்திரை வெயிலில் டிரம் மூடியைத் திறந்தால் சீறும். பாலியாலில் அதைக் கரைத்து, ஐசோசயனேட்டோடு கலந்து, ஃப்ரிட்ஜின் வெளித்தகட்டுக்கும் உள்லைனருக்கும் இடையில் ஊற்றினால், வினையில் எழும் சூட்டிலேயே அது கொதித்து ஆவியாகும். கலவை பொங்கி மூலைமுடுக்கெல்லாம் புகுந்து, சில நிமிடங்களில் இறுகிவிடும். அறைக்குள் சிக்கிய வாயு காற்றைப் போல மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். அறையை விட்டு வெளியேறப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும். கண்ணாடி இழை அடைத்த தடிமனான சுவர்கள் மெலிந்தன. வெளியளவு மாறாமலே ஃப்ரிட்ஜின் உள்ளே இடம் கூடியது.

ஆனால் ஆலைக்காரர்கள் அதைக் கொண்டாடியதற்குக் காரணம் வேறு. சிஎஃப்சி-11 யாரோடும் சண்டை போடவில்லை. பாலியாலில் நன்றாகக் கரைந்தது. வினையை முடுக்கும் அமீன்களை அது தொந்தரவு செய்யவில்லை. அறைகள் உடையாமல் காக்கும் சிலிக்கோன் எண்ணெயோடு ஒத்துப்போனது. லைனரையும் அதிகம் அரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கலந்து, மாதக்கணக்கில் வைத்திருந்து, வேண்டும்போது எடுத்து ஊற்றலாம். சின்னப் பட்டறைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தச் சாதுத்தனம்தான் வினையாக முடிந்தது. 1971இல் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக், காற்றை ஆராயத் தானே செய்த கருவியோடு ஷாக்கிள்டன் கப்பலில் அண்டார்க்டிகா நோக்கிப் போனார். வழியெங்கும், தொழிற்சாலையே இல்லாத தென்கடல் காற்றிலும், சிஎஃப்சி-11 இருந்தது. இதனால் ஆபத்து ஒன்றும் இல்லை என்றுதான் அவர் முதலில் எழுதினார். 1974இல் வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரௌலண்டும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: கீழே எதுவும் உடைக்க முடியாத பொருள் கடைசியில் எங்கே உடையும்? புற ஊதாக் கதிர் அடிக்கும் மேல் வளிமண்டலத்தில். அங்கே விடுபடும் குளோரின் ஓசோனைத் தின்னும். 1985இல் அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்திலிருந்து ஜோசப் ஃபார்மனும் உடன் இருவரும் ஓசோன் படலம் மெலிந்திருப்பதை அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16இல், இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. காற்றில் கலந்த சிஎஃப்சி-11 சுமார் ஐம்பது ஆண்டுகள் அங்கேயே கிடக்கும் என்பதால், அவசரம் இருந்தது.

சுவருக்குள் அடுத்து வந்தது ஹெச்சிஎஃப்சி-141பி. ஓசோனுக்கு இதன் தீங்கு சிஎஃப்சி-11இன் தீங்கில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கொதிநிலை 32 டிகிரி. ஆலையில் பெரிய மாற்றம் வேண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். லைனர் அப்படி நினைக்கவில்லை. ஃப்ரிட்ஜின் உட்புறம் வெள்ளையாகத் தெரிகிறதே, அது ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன். 141பி அவற்றுக்கு நல்ல கரைப்பான். நுரைக்குள்ளிருந்து கசிந்து லைனரை இளக்கியது. கொப்புளம் எழுந்தது, மூலைகளில் விரிசல் விட்டது. வாயுவை மாற்றப்போனவர்கள் கடைசியில் பிளாஸ்டிக்கையும் மாற்ற வேண்டியிருந்தது: கலவை திருத்திய ரெசின்கள், தடுப்புப் படலங்கள். ஒரு திரவத்தை மாற்றினால் அதைத் தொடும் அத்தனையும் மாற வேண்டும் என்ற பாடத்தைத் தொழில் அப்போதுதான் படித்தது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 1992இல் முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் மூடும் தறுவாயில் இருந்த ஷார்ஃபென்ஸ்டைன் ஆலையிடம் கிரீன்பீஸ் அமைப்பு, ஹைட்ரோகார்பனில் ஓடும் பத்து ஃப்ரிட்ஜுகள் செய்து தரச் சொன்னது. பெரிய நிறுவனங்கள் ஆபத்து என்று கூச்சலிட்டன. சில மாதங்களுக்குள் அவையே அந்தப் பாதைக்கு வந்தன. குளிர்விக்க ஐசோபியூட்டேன், நுரைக்க சைக்ளோபென்டேன் என்பது ஐரோப்பாவில் வழக்கமானது. இந்தியாவில் கோத்ரெஜ் இந்த வழியில் முன்னே போனது.

சைக்ளோபென்டேன் மலிவு, ஓசோனுக்குத் தீங்கில்லை, பூமியைச் சூடாக்குவதும் அற்பம். குணம் மட்டும் கொஞ்சம் முரடு. காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஆலையில் வாயு உணரிகள், காற்றோட்டம், தீப்பொறி எழாத மின்சாதனங்கள் எல்லாம் வேண்டும். கொதிநிலை 49 டிகிரி. ஃப்ரீசர் குளிரில் அறைக்குள்ளேயே திரவமாகிவிடும். உள்ளழுத்தம் இறங்கி நுரை சுருங்கும். பிளாஸ்டிக்கில் கொஞ்சம் கரைந்து அதை மென்மையாக்கவும் செய்யும். இதற்கெல்லாம் மருந்தாக 28 டிகிரியில் கொதிக்கும் ஐசோபென்டேனைக் கூடச் சேர்த்தார்கள். நுரையின் அடர்த்தியைச் சற்றுக் கூட்டினார்கள். ஐசோபென்டேனோ பாலியாலில் எளிதில் கரையாது. அதற்காகப் பாலியாலையே திருத்தினார்கள். பெரிய ஆலைக்கு இவை செலவுக் கணக்கு. கூரை மேலேறி நுரை தெளிப்பவருக்கு இது நடக்கிற காரியமே இல்லை. பென்டேன் ஆவிக்கு நடுவே நின்றுகொண்டு யார் தெளிப்பார்?

இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று மேட்டூரில் இருந்தது. 2008இல் இங்கே பொதுப் பயன்பாட்டுக்கான சிஎஃப்சி உற்பத்தி நின்றது. 2010க்குள் உலகெங்கும் நின்றிருக்க வேண்டும். கதை அங்கே முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2018 மே மாதம் ஆய்வாளர் ஸ்டீபன் மான்ட்ஸ்காவும் உடனிருந்தவர்களும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை வேறு செய்தி சொன்னது. 2012க்குப் பிறகு காற்றில் சிஎஃப்சி-11 குறையும் வேகம் மந்தமாகிவிட்டது. யாரோ புதிதாகச் செய்கிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் கூடுதலாகக் காற்றில் கலக்கிறது, கிழக்கு ஆசியாவிலிருந்து. அடுத்த ஆண்டு தென்கொரியாவின் கோசன், ஜப்பானின் ஹாதெருமா நிலையங்களில் பதிவான அளவுகளைக் காற்றின் திசையோடு சேர்த்துப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, கூடுதலில் பாதியளவு சீனாவின் ஷாண்டோங், ஹெபெய் மாகாணப் பக்கமிருந்து வருவது தெரிந்தது. அதற்கு முன்பே சுற்றுச்சூழல் புலனாய்வு அமைப்பு ஒன்று அங்குள்ள நுரை வியாபாரிகளிடம் விசாரித்திருந்தது. அவர்கள் ஒளிக்கவில்லை: 141பிக்கு ஒதுக்கீடு குறைந்து விலை ஏறிவிட்டது, பழையது மலிவு, நுரையும் நன்றாக வருகிறது என்றார்கள்.

அந்தப் பட்டறைக்காரர்களை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவர்கள் கணக்கில் தொழில்நுட்பப் பிசகு எதுவும் இல்லை. உபகரணம் மாற்ற வேண்டாம், பாலியால் மாற்ற வேண்டாம், தீ பயம் இல்லை. எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் பொருள் அது ஒன்றுதான் என்பதைச் சந்தை மறக்கவில்லை. சீன அரசு கெடுபிடி காட்டியது. 2021இல் வந்த ஆய்வுகள் வெளியேற்றம் மீண்டும் இறங்கியதைக் காட்டின.

இன்று பெரிதாகப் பேசப்படுவது ஹெச்எஃப்ஓ வகை. 1233இசட்டி என்பது அதில் ஒன்று. கொதிநிலை 19 டிகிரி. அதன் மூலக்கூறில் ஓர் இரட்டைப் பிணைப்பை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். காற்றுக்கு வந்தவுடன் அந்த இடத்தில் தாக்குதல் தொடங்கி, ஐம்பது ஆண்டு வாழாமல் சில வாரங்களில் சிதைந்துவிடும். வானத்துக்கு நல்லது. டிரம்முக்கு நல்லதில்லை. வானத்தில் உடைய வேண்டும் என்று வைத்த அதே பிணைப்பை, டிரம்முக்குள் இருக்கும் அமீன் வினையூக்கிகள் முன்கூட்டியே உடைக்கத் தொடங்கிவிடுகின்றன. சில வாரங்கள் வெயில்படும் கிடங்கில் கிடந்தால் அமீன் செத்துப்போகும். உருவாகும் அமிலம் சிலிக்கோனையும் கெடுக்கும். பிறகு கலவை எழவே நேரம் எடுக்கும். எழுந்தாலும் அறைகள் பெரிதாகும், நடுவில் நுரை அமுங்கும்.

பெரிய ஃப்ரிட்ஜ் ஆலையில் வாயுவை ஊற்றும் நேரத்தில்தான் கலக்கிறார்கள். அங்கே இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. கலந்த டிரம்மை வாங்கி வைத்துப் பயன்படுத்தும் சின்ன ஆள்தான் மாட்டிக்கொள்கிறார். தீர்வும் அவரை மனதில் வைத்தே தேடப்பட்டது: இரட்டைப் பிணைப்பை எட்ட முடியாதபடி பருத்த கிளைகள் கொண்ட அமீன்கள், இமிடசோல் வகைகள், அமிலத்தால் கட்டிவைத்துச் சூட்டில் மட்டும் விடுபடும் வினையூக்கிகள், உலோக உப்புகள், திருத்திய சிலிக்கோன்கள். 1336 என்ற உறவுக்காரர் இன்னும் பொறுமைசாலி. 33 டிகிரியில் கொதிப்பார், டிரம்மில் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பார். விலைதான் எட்டாது.

2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 141பியும் நின்றுவிட்டதால், இங்குள்ள தெளிப்பு நுரைக்காரர்களுக்கும் பேனல் செய்வோருக்கும் இந்த டிரம் கணக்கு அன்றாடப் பேச்சு. இதற்கிடையே 2023இல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகளும் அழியாத ஃப்ளோரின் சேர்மங்களை மொத்தமாகக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை ஐரோப்பிய ஒன்றியத்தில் வைத்தன. அதன் வரையறைக்குள் இந்த ஹெச்எஃப்ஓக்களும் வருகின்றன.

பழைய சிஎஃப்சி-11 இன்னும் கட்டடங்களின் காப்பு நுரையிலும் பழைய ஃப்ரிட்ஜ் சுவர்களிலும் லட்சக்கணக்கான டன் கிடக்கிறது. ஐரோப்பாவில் மூடிய அரவை எந்திரங்களில் ஃப்ரிட்ஜை நொறுக்கி, வெளிவரும் வாயுவைக் குளிரவைத்துப் பிடித்து எரிக்கிறார்கள். நம் ஊர்க் காயலான் கடையில் சம்மட்டியால் உடைக்கப்படும் ஃப்ரிட்ஜின் தகடுக்கும் செம்புக்கும் மட்டும் விலை உண்டு. நுரை குப்பைக்குப் போகிறது, அறைக்குள் இருந்தது காற்றோடு போகிறது.