பூனைக்கான துவாரம்

சென்ற தை மாதம் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவில் ஆறு அங்குல அகலமும் ஏழு அங்குல உயரமுமாக ஒரு துவாரம் போட வேண்டியதாயிற்று. பூனை போய்வர. இதை ஒரு கட்டுரைக்கு விஷயமாக எடுத்துக்கொள்வதில் எனக்கே சற்றுக் கூச்சம் இருந்தது. சரித்திரம் என்றால் அரசன், போர், நிலவரி என்று பழகிப்போன மனம். ஆனால் ஆசாரி ரம்பத்தை வைப்பதற்கு முன்னும் பின்னுமாக மூன்று வாரம் இந்தத் துவாரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை திருமுக்கூடலில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பியது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பதும் குடும்பத்தோடு இருப்பதும் காஞ்சிபுரத்தில். அம்மா திருமுக்கூடலை விட்டு வரமாட்டேன் என்கிறாள். அவளுக்குத் துணை ஒரு சாம்பல் நிறப் பூனை. இரவு ஒன்பதுக்கு வெளியே போகும், விடிகாலை மூன்று மணிக்குக் கொல்லைக் கதவண்டை வந்து கத்தும். அம்மா எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்குவாள். மார்கழியில் ஒருநாள் அப்படிப் போனவள் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் பால்காரர் வரும்வரை இரண்டரை மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறாள். பக்கத்தில் பூனை உட்கார்ந்திருந்ததாம். அதை ஒரு பெருமையாகவே எனக்குச் சொன்னாள்.

பூனையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படு என்றும் சொல்ல முடியாது. ஆற்றங்கரை ஊர், பாம்பு உண்டு. மிச்சமிருந்தது துவாரம்தான்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது சாஸர். 'மில்லர் சொன்ன கதை'யில் ஒரு வேலைக்காரன் மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க, கதவின் கீழ்ப்பலகையில் பூனை நுழைவதற்காக இருந்த ஓட்டையில் கண்ணை வைக்கிறான். பதினாலாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் எழுதப்பட்டது. அந்த ஓட்டையைச் சாஸர் விளக்குவதில்லை, வியப்பதுமில்லை. அவருடைய வாசகர்கள் வீட்டுக் கதவுகளில் அது இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பொருள் சமூகத்தில் சர்வசாதாரணமாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடையாது என்று நினைக்கிறேன். கதாசிரியன் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போவதைத்தான் நம்பலாம், நிறுத்தி வர்ணிப்பதைச் சற்று சந்தேகிக்க வேண்டும்.

எக்ஸிடர் தேவாலயத்துக் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. 1305 முதல் 1467 வரை அங்கே பூனைக்குக் காலாண்டுக்குப் பதின்மூன்று பென்னி செலவு எழுதியிருக்கிறார்கள். ஒரு குமாஸ்தா எழுதிய வரி. பூனை சம்பளப் பட்டியலில் இருந்தது என்றே சொல்லலாம். பிறகு 1598ல் அங்கே பிஷப்பாக வந்த வில்லியம் காட்டன், வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் தன் பூனைக்காக ஒரு வட்டத் துவாரம் போடத் தச்சர்களுக்கு எட்டு பென்னி கொடுத்தார். கடிகாரத்தின் சக்கரங்களுக்கு மிருகக் கொழுப்புத் தடவுவார்கள், கொழுப்புக்கு எலி வரும், எலிக்குப் பூனை. கதவும் துவாரமும் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன.

பூனைத் துவாரம் என்றவுடன் எல்லோரும் சொல்லும் நியூட்டன் கதையையும் தள்ளிவிட வேண்டும். பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டை, குட்டிக்குச் சின்ன ஓட்டை என்று இரண்டு போட்டாராம், மேதைக்கு இது தோன்றவில்லையே என்று நாம் சிரிக்க வேண்டுமாம். நியூட்டன் இறந்தது 1727ல். இந்தக் கதை டிரினிடி கல்லூரியில் படித்த ஒருவரின் நினைவுக் குறிப்பில், சரியாக நூறு வருஷம் கழித்து 1827ல் அச்சேறியது. நியூட்டனுக்கு எழுத்தராகக் கூடவே இருந்த ஹம்ஃப்ரி நியூட்டனோ, அவர் தன் அறையில் நாயும் வைத்திருக்கவில்லை, பூனையும் வைத்திருக்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேதைகளை அசடாக்கிப் பார்ப்பதில் ஜனங்களுக்கு ஒரு திருப்தி. நம்மூரிலும் புலவர்களைப் பற்றிய கதைகளில் பாதி இந்த ரகம்.

வங்கிக்காரனாகையால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1868ல் லண்டன் மணியார்டர் ஆபீஸில் எலி காகிதத்தைத் தின்கிறதென்று மூன்று பூனைகளை நியமிக்க அனுமதி கேட்டார்கள். வாரம் இரண்டு ஷில்லிங் கேட்டதற்கு ஒரு ஷில்லிங் சாங்ஷன் ஆயிற்று. மீதிக்குப் பூனைகள் எலிகளை நம்ப வேண்டியது. ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் அந்த ஒரு ஷில்லிங்கிலும் வெட்டு. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதை வாசித்தால் கைதட்டல் கிடைக்கும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன்.

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கின்றன. கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில். அந்தக் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் (1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சிறுவயதில் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன், என்னவென்று தெரியாமல். கோயிலின் ஜனநாத மண்டபத்தில் வேதப் பள்ளி நடந்ததையும், மாணவர்கள் தங்கியதையும், பதினைந்து படுக்கைகளோடு வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை இருந்ததையும் அது சொல்கிறது. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவரோடு அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய். ஹரீதகி, தைலம், கிருதம் என்று மருந்துகளின் பெயர்கள். புராண கிருதம் என்று ஒன்று, வருஷக் கணக்கில் பழையதாக்கிய நெய்.

ஒரு நெல்லும் விடாமல் எண்ணிய இந்தப் பட்டியலில், நான் படித்த அளவில், பூனை இல்லை. நெய்யும் நெல்லும் எண்ணெயும் சேர்த்து வைத்த இடத்தில் எலி இல்லாமல் இருந்திருக்காது. எலி இருந்தால் பூனையும் இருந்திருக்கும். எக்ஸிடர் குமாஸ்தா எழுதிய வரியைச் சோழனுடைய குமாஸ்தா ஏன் எழுதவில்லை?

இங்கேதான் நம் விமரிசகர்களுக்குப் பழக்கமான ஒரு குழியில் நானும் விழப் பார்த்தேன். துன்பியல் நாடகம் தமிழில் ஏன் இல்லை, சுயசரிதை ஏன் இல்லை என்றெல்லாம் எழுதுவார்கள். அங்கே இருப்பது இங்கே இல்லையென்றால் இங்கே ஏதோ குறை என்பது அவர்கள் தர்க்கம். பூனையை நாம் கவனிக்கவில்லை என்று சொல்லவே முடியாது. தொல்காப்பிய மரபியல், வெருகின் இளமைக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று விதி சொல்கிறது. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில், ஏழாம் நூற்றாண்டில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. காலடியில் எலிகள். பக்கத்தில் தவம் செய்யும் மனிதனை அது காப்பியடிக்கிறது என்பதைப் பார்த்தவுடன் சிரிக்காதவர் இல்லை. அந்தச் சிற்பி பூனையை மணிக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். கம்பன் அவையடக்கத்தில் தன்னைப் பூனையாக்கிக்கொண்டான். காஞ்சி வைஷ்ணவர்களோ பூனையை வைத்து மோட்ச சித்தாந்தத்தையே பேசினார்கள். குட்டி சும்மா இருக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும், அதுபோல ஜீவனை ஈசுவரன் எடுத்துக்கொள்வான் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். வடகலையார் தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைச் சொன்னார்கள். இரண்டு கலையாரும் கோர்ட் வரை போன ஊர் அது.

ஆகவே பூனை இருந்தது. இல்லாமல் இருந்தது மூடிய கதவு. ஜனநாத மண்டபத்தில் தூணுக்குத் தூண் காற்று. எங்கள் தெரு வீடுகளில் திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், முற்றத்தின் மேல் ஆகாயம். வாசற்கதவை எத்தனை தாழ்ப்பாள் போட்டு அடைத்தாலும் பூனை ஓட்டின் மேல் நடந்து வந்து தாழ்வாரத்தில் குதிக்கும். ஜலதாரை வழியாகவும் வரும். குளிருக்குப் பயந்து எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு வாழ்ந்த தேசத்தில் பூனைக்கு ஓட்டை வேண்டியிருந்தது, ஓட்டைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. நமக்கு வேண்டியிருக்கவில்லை. தமிழில் அதற்குச் சொல் இல்லாததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வருகிற வழியை யாரும் அமைத்துக் கொடுக்காததால் பூனை கணக்கிலும் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாக இரவில் சாத்தப்பட்டது தறி அறைதான். அப்பா காஞ்சிபுரத்து முதலாளி ஒருவரிடம் பாவும் ஜரிகையும் வாங்கிவந்து கூலிக்கு நெய்தவர். பாவுக்குக் கஞ்சி போடுவார்கள், அந்த அரிசி வாசனைக்கு எலி வரும். ஒரே ராத்திரியில் நாலு இடத்தில் கடித்துவிட்டால் ஒரு வாரக் கூலி போயிற்று. பூனையும் சத்துருதான். தொங்கும் பட்டு நூலைப் பார்த்தால் அதற்குக் கை சும்மா இருக்காது. அதனால் பகலில் பூனையைத் தறி அறைக்கு வெளியே விரட்டுவார். இரவில் நூலையெல்லாம் சுருட்டிக் கட்டிவிட்டு, அதே பூனையைத் தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார். காலையில் அது வெளியே வரும்போது முகத்தைப் பார்த்து, 'ராத்திரி டூட்டி முடிஞ்சுதா?' என்பார்.

1994ல் முற்றத்தை மூடினார். சாரல் தறி அறைவரை அடிக்கிறது, குரங்குத் தொல்லை வேறு. முதலில் கம்பி வலை, பிறகு கான்கிரீட் தளம். எனக்கு ஆறு வயது. கூலியாட்கள் சிமெண்டுச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டிருந்தபோது அப்போதைய பூனை பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலையிலிருந்துதான் எங்கள் வீட்டில் பூனை கதவண்டை கத்த ஆரம்பித்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக முற்றத்தை மூடினார்கள். இன்று எங்கள் பக்கத்தில் ஆகாயம் தெரிகிற வீடு ஒன்றுகூட இல்லை.

2004ல் தறியையும் நிறுத்தினார். தறிக்குழியை மண் போட்டு மூடி மேலே சிமெண்டு பூசினார்கள். தறி மரங்களை விற்க அவருக்கு மனமில்லை, அறுத்துக் கொல்லைக் கதவு செய்துவிட்டார். நான் துவாரம் போடவேண்டும் என்று சொன்னது அந்தக் கதவில்தான்.

அம்மா இரண்டு வாரம் பதிலே சொல்லவில்லை. ஆசாரி வந்து பார்த்தார். "வாசக்கால் கதவுன்னா தொடவே மாட்டேன் சார். கொல்லைக் கதவு பரவாயில்லை. ஆனா மரம் நல்ல மரம்," என்றார்.

"என்ன மரம்னு தெரியும் ஆசாரி," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

பிறகு அவளே வந்து, பூனையைத் தூக்கிப் பலகையோரம் நிறுத்தி, வயிறு எந்த உயரத்தில் இருக்கிறதென்று காட்டினாள். அங்கேதான் துவாரத்தின் கீழ் விளிம்பு வரவேண்டுமாம். ஆசாரி ஒப்புக்கொண்டார். சட்டத்தைத் தொடாமல் கீழ்ப்பலகையில் மட்டும் கோடு போட்டார். அட்டையில் ஒரு அளவு வெட்டிப் பூனையை அதற்குள் நுழைத்துப் பார்த்தோம். நாலு மூலையிலும் துளையிட்டுச் சின்ன ரம்பத்தைச் செலுத்தினார். அரை மணி வேலை. தடுப்புக்கு லேசான பிளைவுட் துண்டு. இரும்புக் கீல் துருப்பிடிக்கும், இரண்டு பக்கமும் ஆடாது என்று சைக்கிள் டியூபை நறுக்கி மேல் விளிம்பில் ஆணியடித்தார். காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓரத்தில் பழைய ரப்பர் செருப்பின் ஒரு கீற்று. இரவில் பாம்பு தள்ளிக்கொண்டு வருமே என்று கேட்டேன். உள்பக்கம் ஒரு கொக்கி போட்டுத் தந்து, "மூணு மணிக்கு அம்மா எழுந்து கொக்கியை எடுத்துடலாம்," என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. கொக்கியைக் கழற்றிவிட்டு, தடுப்பின் கீழ்நுனியில் ஈயக்கட்டி ஒன்று வைக்கச் சொன்னேன். சிறு பாம்பு தள்ள முடியாது, பூனை முட்டினால் திறக்கும் என்பது கணக்கு. கணக்கு சரியா என்பது மழைக்காலத்தில் தெரியும்.

ஒன்பது நாள் பூனை துவாரத்தைச் சீந்தவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பழையபடி கத்தியது. நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். மூன்று மணிக்கு எழுந்து ஒரு கருவாட்டுத் துண்டை உள்ளே வைத்துக்கொண்டு தடுப்பைக் குச்சியால் தூக்கிப் பிடிப்பேன். பத்தாவது நாள் நான் அயர்ந்துவிட்டேன். கத்தலும் கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் அம்மாவின் காலடியில் படுத்திருந்தது.

இப்போது பக்கத்துத் தெருக் கடுவன் ஒன்றும் அந்த வழியாக வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகிறதாம். அம்மா போனில் சொன்னாள். அறுத்தெடுத்த பலகைத் துண்டைக் காஞ்சிபுரத்துக்கு எடுத்துவரலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் தறியின் முளை இறங்கிய பழைய துளை இருக்கிறது. கேட்டதற்கு, அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டிருப்பதாகச் சொன்னாள்.