ஸ்ட்ரோக்கர்

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தொலைவு ஸ்ட்ரோக். அடித்தல் எனப் பொருள்படும் 'ஸ்ட்ரைக்' என்ற ஆங்கில வினையின் உறவுச்சொல் அது. ஃபோர் ஸ்ட்ரோக் என்னும்போது எண்ணிக்கை. ஸ்ட்ரோக்கரிலோ நீளம்தான் விஷயம். நீண்ட ஸ்ட்ரோக் (வீச்சு) உள்ள கிராங்க் ஷாஃப்டை மாட்டிக் கொள்ளளவைக் கூட்டிய எஞ்சின் அது. அமெரிக்க ஜீப்பின் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினில் பழைய 4.2 லிட்டர் எஞ்சினின் கிராங்க்கைப் பொருத்துவார்கள். வீச்சு 86.7 மில்லிமீட்டரிலிருந்து 98.9 ஆகும், கொள்ளளவு சுமார் 4.5 லிட்டர். பாறை ஏறும் வண்டிக்குக் குறைந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை வேண்டும். அதற்கு இதைவிட நேர்த்தியான வழி அரிது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, அழுத்த விகிதம் மூன்றையும் மட்டும் கிராங்க் வாங்குமுன்பே கணக்கிட்டுவிட வேண்டும்.