'மைதான்' படத்தில் காணாமல் போன வாத்தியார்



ஞாயிறன்று முடிச்சூர் வீட்டில் பேரனோடு 'மைதான்' இந்திப் படம் பார்த்தேன். 2024இல் வந்தது. இந்தியக் கால்பந்துப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் கதை. அஜய் தேவ்கன் நடித்திருக்கிறார். இசை நம் ஏ.ஆர்.ரஹ்மான். பேரன் கைதட்டிக்கொண்டே பார்த்தான். எனக்குத்தான் ஏமாற்றம்.

ரஹீம் அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார். ஹைதராபாத்தில் காச்சிகுடா, சாதர்காட் பள்ளிகளில் வேலை பார்த்தவர். உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கியவர். (நம்ம இனம்!) படமோ 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றதில் தொடங்குகிறது. கீழே விழுந்தால்தானே சினிமாவில் எழுந்து நிற்க முடியும்! ஆனால் முந்தைய ஆண்டே டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று தங்கம் வாங்கிய அணிக்கும் பயிற்சியாளர் அவர்தான்.

நான் தேடியது வேறு. சிறுவர்களுக்கு அவர் விநோதமான போட்டிகள் வைப்பாராம். ஒன்றில், பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது, உடனே அடுத்தவனுக்குத் தந்துவிட வேண்டும். இன்னொன்றில், பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வகுப்பறையில் நின்றவனுக்குத்தான் இப்படித் தோன்றும். நிர்வாகிகளோடு சண்டைக்கும் ஒரு பத்திரிகையாளரின் வில்லத்தனத்துக்கும் கிடைத்த நேரம் இந்த வாத்தியாருக்குக் கிடைக்கவில்லை.

இறுதி ஆட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 4-9-1962, ஜகார்த்தா. தலையில் தையல் போட்ட ஜர்னைல் சிங்கை, பின்வரிசைக்காரரை, ரஹீம் முன்வரிசையில் இறக்கினார். அவரும் கோல் அடித்தார். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடியவர். தென்கொரியாவை 2-1 என வென்றோம். மறுநாள்தான் நாட்டின் முதல் ஆசிரியர் தினம். அடுத்த ஜூனில் புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோனது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 90களில் வட்டாரப் போட்டிக்கு அணி எடுத்தபோது, பி.டி. மாஸ்டர் இல்லாததால் நான்தான் ஆள் பொறுக்கினேன். இடது கால் வரவில்லை என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை விட்டுவிட்டேன். ஒரு வாரம் சொல்லிக்கொடுத்துப் பார்க்கவில்லை. மறுநாளும் அவன் வந்து, கோட்டுக்கு வெளியே போன பந்தையெல்லாம் எடுத்துப் போட்டான்.

தம்பி, நீ இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று தெரியும். அன்று உன்னிடம் "வயசு கூடிப்போச்சு" என்று சொன்னேன். அது பொய். வீடு அதே தெருதான், ஒரு நாள் வா.